வறண்ட தோலுக்கு எந்தக் களிம்பு? புட்டியின் பின்புறத்தைப் படிப்போம்

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தீபகற்பத்தின் வடபகுதியில் மழை குறைந்து வெயில் கடுமையாகும். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. அந்நாள்களில் மரத்தைப் போலவே மனிதரின் தோலும் வறட்சிக்கு ஆளாகிறது. முழங்காலுக்குக் கீழே வெண்பொடி பூத்தாற்போல் தோல் உரிகிறது, குதிகால் பிளக்கிறது, உளி பிடிக்கும் விரல்களின் மடிப்புகளில் மெல்லிய வெடிப்புகள் தோன்றி, உப்போ புளியோ பட்டால் எரிகின்றன. செபராங் பிறையின் பழைய தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டுவிட்டன. எனினும், இன்றும் பால்வெட்டை நம்பி வாழ்வோருக்கு இந்தத் தொல்லை புதிதன்று.

இதற்கு மருந்து தேடிப் பட்டர்வொர்த் பட்டணத்துக் கடைகளுக்குச் செல்பவர் திகைத்து நிற்பது இயல்பே. ‘மாய்ஸ்சரைசர்’ என்னும் ஈரப்பதக் களிம்புகள் அங்கு அடுக்கடுக்காய் வைக்கப்பட்டுள்ளன. ஒன்றில் மலர்ப் படம். மற்றொன்றில் வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர் படம். இன்னொன்றில் பொன்னிற எழுத்து. சிலவற்றின் விலை சில வெள்ளி. சிலவற்றின் விலையோ ஒரு நாள் சம்பளத்தை விழுங்கிவிடும். இவற்றுள் எதை வாங்குவது? விடை புட்டியின் முன்புறத்தில் இல்லை. பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

தோல் என்னும் சுவர்

முதலில், தோல் வறள்வது எப்படி என்பதை அறிதல் வேண்டும். நம் தோலின் மேற்பரப்பு ஒரு செங்கற்சுவரைப் போன்றது. உயிரற்ற தட்டையான அணுக்கள் செங்கற்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சேர்ந்த கொழுப்புப் பூச்சு சாந்தாக அமைந்துள்ளது. இச்சுவரின் கனம் உடலின் பெரும்பகுதியில் தாளின் கனத்தைவிடக் குறைவு. ஆயினும், உள்ளேயுள்ள நீர் வெளியேறாமலும் வெளியேயுள்ள நச்சு உள்ளே நுழையாமலும் காப்பது இதுதான்.

சாந்து கரைந்தால் சுவர் என்னாகும்? பால்வெட்டுத் தொழிலாளியின் கை அன்றாடம் சந்திப்பவற்றை எண்ணிப் பாருங்கள். பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலம் (மலாய்க்காரர்கள் சூக்கா கெத்தா என்பது இதனையே), பால் கெடாதிருக்கச் சேர்க்கும் அமோனியா, மங்குகளில் உறைந்து கிடக்கும் ஈரமான கட்டிப்பால் என ஒவ்வொன்றும் தோலைத் தாக்குகிறது. இவற்றினும் பெரிய கேட்டினை நாமே செய்துகொள்கிறோம். கையில் ஒட்டிய பாலை நீக்க மண்ணெண்ணெயைத் தேய்ப்பதும், துணி துவைக்கும் சவர்க்காரத் தூளைக் கையில் கொட்டித் தேய்ப்பதும் தோட்டப்புறங்களில் வழக்கமாக உள்ளன. மண்ணெண்ணெய் கொழுப்பைக் கரைக்கும். சவர்க்காரம் அதைக் கழுவிச் செல்லும். பால் போகிறதோ இல்லையோ, சுவரின் சாந்து போய்விடுகிறது. உலர்ந்த பாலை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, மீந்ததைச் சிறிது சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பின்னர் மென்மையான குளியல் சவர்க்காரத்தால் கழுவுவது மேல்.

வெடித்த தோலின் வழியே களைக்கொல்லி உடலுக்குள் எளிதில் புகும் என்பதையும் மருந்து தெளிக்கும் பிரிவினர் மறத்தலாகாது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற மருந்துகளைத் தீங்கற்றவை என்று கொள்வதற்கில்லை.

பட்டியலைப் படிக்கும் முறை

ஒப்பனைப் பொருள்களில் அடங்கியுள்ளவற்றின் பெயர்கள், அளவில் மிகுந்தது முதலாகவும் குறைந்தது பின்னாகவும் எழுதப்படுதல் வேண்டும் என்பது ஆசியான் நாடுகளின் விதி. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ளவற்றை மட்டும் இறுதியில் எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே, முதல் ஐந்தாறு பெயர்களே அந்தக் களிம்பின் உடல். கடைசியில் வருபவை பெரும்பாலும் வாசனை, நிறம், கெடாமல் காக்கும் மருந்து ஆகியவை.

பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஆங்கிலம் அறியாதோர் தயங்க வேண்டியதில்லை. பள்ளி செல்லும் பிள்ளையை அருகில் அமர்த்தி, மெதுவாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். காதில் விழும் ஒலிப்படியே அப்பெயர்களை இங்குத் தமிழில் தந்துள்ளோம். பிள்ளைக்கும் அது ஒரு பாடமாகும்.

மூடுவன, ஈர்ப்பன, மிருதுவாக்குவன

ஈரப்பதக் களிம்பு எதுவாயினும் அது மூன்று வேலைகளில் ஒன்றையோ பலவற்றையோ செய்கிறது. தோலின் மேல் படலமாகப் படிந்து நீரை வெளியே விடாமல் மூடுவது ஒன்று. நீரை ஈர்த்துத் தோலில் நிறுத்துவது மற்றொன்று. உரிந்த தோலின் இடுக்குகளை நிரப்பி வழவழப்பாக்குவது மூன்றாவது.

மூடுவனவற்றுள் தலையாயது பெட்ரோலாட்டம். நாம் வாஸ்லின் என்று சொல்வது அதையே. அதன் வரலாறு தொழிலாளர்களுக்குரியது. 1859-ஆம் ஆண்டில் ராபர்ட் செஸ்பரோ என்னும் இளம் வேதியியலார் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கச் சென்றார். துளையிடும் தண்டுகளில் படிந்து தொல்லை தந்த மெழுகு போன்ற பொருளைத் தொழிலாளர்கள் வழித்தெடுத்துத் தங்கள் காயங்களிலும் தீப்புண்களிலும் தடவிக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட அவர், அப்பொருளைத் தூய்மைப்படுத்தி 1872-இல் காப்புரிமை பெற்றார். படித்தவர் பார்க்கு முன்பே பாடுபட்டவர் அதன் பயனை அறிந்திருந்தனர்.

தோலிலிருந்து வெளியேறும் நீராவியில் 98 விழுக்காடு வரை இது தடுக்கவல்லது. மற்ற எண்ணெய்கள் பெரும்பாலும் 20 முதல் 30 விழுக்காடு வரையே தடுக்கின்றன. இதில் நீர் இல்லை. ஆகவே கிருமி வளராது. கிருமி கொல்லும் மருந்தும் சேர்க்க வேண்டியதில்லை. வாசனையற்ற வெள்ளை வாஸ்லினின் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். எளிதில் தடித்துச் சிவக்கும் தோலுடையோருக்கு இதைவிடப் பாதுகாப்பானது அரிது. குறை என்னவெனில், பிசுபிசுக்கும். வெயிலில் வியர்வையுடன் சேர்ந்து சங்கடம் தரும். ஆதலால் இதை இரவுக்கென வைத்துக்கொள்வது நன்று.

நீரை ஈர்ப்பவற்றுள் சிறந்தது கிளிசரின். சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீல 1779-இல் ஆலிவ் எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இன்று நம் நாட்டில் செம்பனை எண்ணெயிலிருந்து இது பெருமளவில் கிடைக்கிறது. பிறை தொழிற்பேட்டையிலேயே அத்தகைய உற்பத்தி நடைபெறுகிறது. பட்டியலில் ‘அக்வா’ அல்லது ‘வாட்டர்’ என்னும் நீரை அடுத்து ‘கிளிசரின்’ வருமாயின் அது நல்ல அடையாளம். ஆனால் ஈர்ப்பது மட்டும் போதாது. ஈர்த்த நீரைக் காக்க மேலே ஒரு மூடி வேண்டும். எனவே கிளிசரினும் பெட்ரோலாட்டமும் (அல்லது ‘பாராபினம் லிக்விடம்’ எனப்படும் கனிம எண்ணெயும்) முன்வரிசையில் சேர்ந்திருக்கும் களிம்பே பகல் நேரத்துக்கு ஏற்றது.

யூரியா என்றவுடன் உரமூட்டை நினைவுக்கு வரும். பெயர் ஒன்றே, ஆனால் உரமூட்டையிலிருந்து எடுத்துக் கரைத்துப் பூசலாகாது. யூரியா நம் தோலிலேயே இயற்கையாக உள்ள பொருள். களிம்பில் 5 முதல் 10 விழுக்காடு வரை இருந்தால் ஈரத்தை நிறுத்தும். 20 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் தடித்த தோலைக் கரைத்து உதிர்க்கும். அதனால் கெட்டிப்பட்ட குதிகாலுக்கு அது உகந்தது. புதிதாக வெடித்த இடத்தில் பட்டால் எரியும். குழந்தைகளுக்குப் பூசுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

லானோலின் என்பது செம்மறியாட்டு ரோமத்தின் கொழுப்பு. நன்றாக மூடும், மிருதுவும் ஆக்கும். ஆயினும் சிலருக்கு ஒவ்வாது. அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமைச் சங்கம் 2023-ஆம் ஆண்டில் கவனிக்கத்தக்க ஒவ்வாமைப் பொருளாக இதனை அறிவித்தது. அரிப்புள்ள தோலினர் இதைத் தவிர்ப்பது நலம். மற்றவர் அஞ்ச வேண்டியதில்லை.

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயை என்னென்பது? பாட்டிமார் சொன்னதில் உண்மை உண்டு. பிலிப்பீன்ஸ் நாட்டில் வறண்ட தோலுடைய 34 பேரிடம் செய்யப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், சுத்தத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு இணையாகவே பயன் தந்தது. ஆனால் எண்ணெய் யாவும் ஒன்றல்ல. ஆலிவ் எண்ணெய் தோலின் சாந்தைக் குலைப்பதாக 2013-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு காட்டியது. விலை மிகுந்தது என்பதனால் ஆலிவ் எண்ணெயை வாங்கிக் குழந்தைக்குத் தேய்ப்போர் இதைக் கருத்தில் கொள்ளட்டும்.

நான்கு புட்டிகள்

பட்டர்வொர்த்தில் ஒரு மருந்துக்கடையின் அடுக்கில் அருகருகே இருந்த நான்கு வகைகளைப் பார்ப்போம். பெயர்கள் வேண்டா, உள்ளிருப்பதே முக்கியம். முதலாவது சிறு டப்பி. ‘பெட்ரோலாட்டம்’ என்ற ஒரே சொல். இரண்டாவது பெரிய புட்டி; நீர், கிளிசரின், கனிம எண்ணெய், ஸ்டியரிக் அமிலம் என்று நன்றாகவே தொடங்கி, ‘பர்பியூம்’ என்று முடிகிறது; முன்புறத்தில் மலர்ப் படம். மூன்றாவது 10 விழுக்காடு யூரியா அடங்கிய குழாய். நான்காவது கண்ணைக் கவரும் ஜாடி. செராமைடு, ஹயலூரானிக் அமிலம் என்று முன்புறத்தில் பெரிய எழுத்து. பின்புறத்திலோ நீர், கிளிசரின், பெட்ரோலாட்டம் ஆகியவையே முதலில் வருகின்றன. பெரிய எழுத்தில் கண்ட இரண்டும் பட்டியலின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செராமைடு சிறு அளவிலும் பயன் தரக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த ஜாடியின் பெரும்பகுதி வேலையைச் செய்பவை, முதல் இரண்டு புட்டிகளில் மலிவாகக் கிடைக்கும் அதே பொருள்கள்தாம்.

விலைக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது? தோல் அழற்சி நோய்க்கான களிம்புகளைக் குறித்த 77 ஆய்வுகளை, அவற்றில் பங்குகொண்ட 6,603 பேரின் விவரங்களோடு, கொக்ரேன் அமைப்பு 2017-இல் தொகுத்து ஆராய்ந்தது. களிம்பு பூசுவது பூசாதிருப்பதைவிட நன்மை தருகிறது. ஆனால் ஒரு களிம்பு மற்றொன்றைவிட மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே முடிவு. அடுத்து, பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் ஆகிய நான்கு வகைகளும் ஒப்பிடப்பட்டன. 2022-இல் வெளியான அந்த ஆய்விலும் வேறுபாடு காணப்படவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றிருக்கும் குடும்பத்தில், அறுபது வெள்ளி ஜாடியைக் கடுகளவு தொட்டு ஒரு மாதம் ஓட்டுவதைவிட, ஆறு வெள்ளி டப்பியை நாள்தோறும் தாராளமாகப் பூசுவதே அறிவுடைமை.

எவை இருக்கலாகாது?

எளிதில் ஒவ்வாமை கொள்ளும் தோலுக்கு, இருப்பதைவிட இல்லாததே முக்கியம். முதற்பகை வாசனை. ‘பர்பியூம்’, ‘பிராக்ரன்ஸ்’ என்னும் ஒரே சொல்லுக்குள் பல பத்துப் பொருள்கள் மறைந்திருக்கலாம். ‘அன்சென்டட்’ என்றிருந்தால் வாசனையே இல்லை என்று பொருளன்று. ஒரு மணத்தை மறைக்க இன்னொன்று சேர்த்திருக்கலாம். ‘பிராக்ரன்ஸ் பிரீ’ என்பதே நாம் தேட வேண்டிய சொல்.

நீர் கலந்த களிம்பு நம் நாட்டு வெப்பத்தில் கெடாதிருக்கக் கிருமி கொல்லி தேவை. அவற்றுள் ‘மெத்தில் ஐசோதயாசொலினோன்’ என்பது பலருக்கு ஒவ்வாமை உண்டாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் அதை 2017 முதல் தடை செய்துவிட்டது. ‘பாரபென்’ என்னும் பெயரைக் கேட்டுப் பலர் அஞ்சுகின்றனர். ஆனால் ஒவ்வாமையைப் பொறுத்தவரை அது மிகச் சாதுவானது. மேற்சொன்ன அமெரிக்கச் சங்கம் 2019-இல் அதனை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்றே சிறப்பித்தது. ‘ஆல்கஹால்’ என்ற சொல்லும் குழப்பம் தரும். ‘ஆல்கஹால் டினாட்’ தோலை உலர்த்தும் சாராயம். ‘செட்டரைல் ஆல்கஹால்’ மிருதுவாக்கும் மெழுகு.

அக்குவஸ் கிரீம் மலிவானது. நெடுங்காலமாகப் பலரும் பயன்படுத்தி வருவது. அதன் சில தயாரிப்புகளில் ‘சோடியம் லாரில் சல்பேட்’ என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. அதைப் பூசி அப்படியே விட்டால் சிலருக்குத் தோல் எரிச்சல் உண்டாகலாம், குறிப்பாகத் தோல் அழற்சியுள்ள குழந்தைகளுக்கு, என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது. சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவ அது உதவும். பூசி விடுவதற்கு வேறொன்றைக் கேட்டுப் பெறலாம்.

அரிப்பென்றால் தைலப்புட்டியைத் திறப்பது நம்மவர் வழக்கம். மென்தால், மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலம் தலைவலிக்கு ஆறுதல் தரலாம்; வெடித்த தோலுக்கு அது நெருப்பு.

வெண்மை தருவதாகச் சொல்லும் களிம்பு

இவ்விடத்தில் சற்று நின்று பேச வேண்டியுள்ளது. ‘ஈரப்பதமும் வெண்மையும் ஒருசேர’ என்று இரவுச் சந்தைகளிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் சில களிம்புகளில் பாதரசம் இருப்பது மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பெட்டாமெத்தசோன் போன்ற மருந்துகளைக் கள்ளத்தனமாகக் கலந்ததும் உண்டு. இவற்றைப் பட்டியலில் எழுதமாட்டார்கள். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். தாயின் முகத்திலும் தலையணையிலும் உள்ளது குழந்தையின் உடலுக்கும் செல்லும். பெட்டாமெத்தசோன் முதலில் அரிப்பை அடக்கித் தோலைப் பளபளப்பாக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் வெளித்தெரியும். பினாங்கில் இயங்கிவரும் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இதனை எச்சரித்து வருகிறது.

1984-ஆம் ஆண்டு மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, ஒப்பனைப் பொருள் எதுவும் விற்பனைக்கு வருமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் அறிவிக்கப்படுதல் வேண்டும். அவ்வாறு அறிவிக்கப்பட்டதற்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் எண் வழங்கப்படும். அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் பொருளின் பெயரை இட்டுத் தேடினால் உண்மை தெரியும். எண் இருப்பதனாலேயே அரசாங்கம் அதைச் சோதித்து நற்சான்று அளித்துவிட்டது என்று பொருளன்று, பொறுப்பு விற்பவருடையதே. ஆனால் எண் இல்லாததும், தயாரித்தவர் முகவரி இல்லாததும், ஏழு நாளில் நிறம் மாறும் என்று சொல்வதும் ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால், அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

பூசும் முறை

புதிய களிம்பை முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ தோன்றவில்லையெனில் பயன்படுத்தலாம். குளித்தபின் துண்டால் ஒற்றி, உடலில் ஈரம் முற்றும் காயுமுன் பூச வேண்டும். அப்போதுதான் அந்த ஈரம் உள்ளே சிறைப்படும். டப்பியிலிருந்து எடுக்கச் சுத்தமான கரண்டியைப் பயன்படுத்துக. பால் படிந்த விரலை உள்ளே விட்டால் களிம்பும் கெடும்.

நம் தொழிலாளர் நன்கறிந்த ஓர் உண்மை இங்கு உதவும். மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப் பலமிழக்கும். வாஸ்லினும் கனிம எண்ணெயும் அதே வகையைச் சேர்ந்தவை. கையில் அவற்றைப் பூசிக்கொண்டு இயற்கை ரப்பர்க் கையுறையை அணிந்தால் கையுறை நைந்து கிழியும். அமிலம் உள்ளே வரும். பகல் வேலைக்குக் கிளிசரின் மிகுந்த களிம்பைப் பூசி, அது ஊறியபின் கையுறை அணிக; அல்லது நைட்ரைல் கையுறையைத் தேர்ந்துகொள்க. கையுறை அணிந்த சில நிமிடங்களில் கை தடித்து, கண் வீங்கி, மூச்சு முட்டினால் அது வறட்சியன்று. ரப்பர்ப் பாலின் புரதத்துக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

களிம்பு ஊறிய துணியில் தீப்பட்டால் வேகமாகப் பற்றி எரியும் என்று பிரிட்டனில் 2018-இல் எச்சரிக்கை விடப்பட்டது. சட்டையிலும் போர்வையிலும் களிம்பு படிந்திருக்கும்போது அடுப்பு, விளக்கு, சிகரெட்டு ஆகியவற்றின் அருகே கவனம் தேவை. துவைத்தாலும் அது முழுமையாக நீங்குவதில்லை.

எல்லா அரிப்பும் வறட்சியன்று. வட்டமாகப் பரவினால் படர்தாமரை. விரலிடுக்கில் தோன்றி இரவில் வீட்டார் அனைவருக்கும் அரித்தால் சிரங்கு. நிறம் மங்கி, தொட்டால் உணர்வற்ற படையாயின் தொழுநோயா என்று சோதிக்க வேண்டும். இவற்றுக்கு ஈரப்பதக் களிம்பு மருந்தாகாது.

நீரிழிவு உள்ளோர் குதிகால் வெடிப்பை அற்பமாக எண்ணுதல் கூடாது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் மிகுதி. அவர்கள் இரவில் காலைக் கழுவித் துடைத்து, 10 விழுக்காடு யூரியாக் களிம்பைக் குதிகாலிலும் பாதத்திலும் பூசலாம். விரலிடுக்குகளில் பூசலாகாது, அங்கு ஈரம் தங்கிப் புண்ணாகும். வெடிப்பில் இரத்தமோ நீரோ கசிந்தால், பாதம் சிவந்து சூடேறினால், களிம்பை எடுத்து வைத்துவிட்டு மறுநாள் காலையே அரசாங்க மருந்தகத்தில் காலைக் காட்டுங்கள்.